காற்றைத் திணிக்குமுன் எஞ்சினை அளந்து பார்!



சைக்கிள் டயருக்குக் காற்றடித்த அனுபவம் உங்களில் பலருக்கும் இருக்கும். கைப்பிடியை இருபது முப்பது முறை அழுத்திய பிறகு பம்பின் அடிப்பகுதியைத் தொட்டுப் பாருங்கள், சுடும். விடாமல் இன்னும் அடித்துக்கொண்டே போனால் என்ன ஆகும்? டியூபில் எந்த இடம் நைந்திருக்கிறதோ, அந்த இடத்தில் 'டப்' என்று வெடிக்கும். காற்றை அழுத்தினால் அது சூடாகும். அழுத்தப்பட்ட காற்று பலவீனமான இடத்தைத் தேடிப் பிடிக்கும். இந்த இரண்டு உண்மைகளையும் மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒரு பெரிய எஞ்சினின் வலிமையைக் கூட்டும் வித்தையைப் பற்றி நாம் பேசுவதற்கு இவை போதும்.

வேகமான வண்டி ஒன்றைக் கண்டால் இளைஞர்கள் கேட்கும் முதல் கேள்வி, "எத்தனை குதிரைத்திறன்?" என்பதுதான். கேட்பதில் தவறில்லை. ஆனால் அது இரண்டாவது கேள்வியாக இருக்க வேண்டும் என்பது என் கருத்து. "இந்த எஞ்சின் எவ்வளவு தாங்கும்? அது உனக்கு எப்படித் தெரியும்? அளந்து பார்த்தாயா?" என்பதே முதல் கேள்வி. ஏன் அப்படிச் சொல்கிறேன் என்பதை ஓர் உண்மையான எஞ்சினை எடுத்துக்கொண்டு பார்ப்போம்.

ஒரே எஞ்சின், இரு வேறு வலிமை

அமெரிக்காவில் 'பிக்கப்' என்ற சிறிய லாரி மிகவும் பரவலானது. முன்னே ஓட்டுநர் அறை, பின்னே திறந்த சரக்குத் தட்டு. பண்ணைக்கு வைக்கோல் ஏற்றவும், கட்டட வேலைக்குச் சாமான் கொண்டுபோகவும் பயன்படும் வண்டி. இத்தகைய வண்டிகளில் பெயர்பெற்றது ஃபோர்டு நிறுவனத்தின் எஃப்-150. 1999-ஆம் ஆண்டு முதல் 2004-ஆம் ஆண்டு வரை இவ்வண்டியின் ஒரு தனி வகையை அந்நிறுவனம் செய்து விற்றது. அதன் பெயர் 'லைட்னிங்'. மின்னல் என்று பொருள்.

சாதாரண எஃப்-150 வண்டியில் கிடைத்த 5.4 லிட்டர், 8 சிலிண்டர் பெட்ரோல் எஞ்சின் 1999-இல் 260 குதிரைத்திறன் தந்தது. லைட்னிங் வண்டியில் இருந்ததும் அதே 5.4 லிட்டர் எஞ்சின்தான். சிலிண்டரின் விட்டம் அதே 90.2 மில்லிமீட்டர், பிஸ்டன் ஏறி இறங்கும் தூரம் அதே 105.8 மில்லிமீட்டர். ஆனால் இது 1999-இல் 360 குதிரைத்திறனும், 2001 முதல் 380 குதிரைத்திறனும் தந்தது! இடம் ஒன்றே, கிடைத்த ஆற்றல் மட்டும் ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. இது எப்படி?

எஞ்சினின் மேலே அமர்ந்திருந்த ஒரு கருவியே காரணம். அதன் பெயர் சூப்பர்சார்ஜர். எஞ்சினுக்குக் காற்றைத் திணித்து ஊட்டும் கருவி அது.

எஞ்சினுக்குப் பசி காற்றின் மேல்

எஞ்சின் பெட்ரோலைத் தின்று ஓடுகிறது என்று நாம் சொல்கிறோம். உண்மையில் அது தின்பதில் பெரும்பகுதி காற்றுதான். ஒரு கிராம் பெட்ரோல் முழுமையாக எரிய ஏறக்குறைய 14.7 கிராம் காற்று வேண்டும். பெட்ரோலைக் கூடுதலாக ஊற்றுவது எளிது. ஒரு பம்பு போதும். காற்றைக் கூடுதலாகக் கொடுப்பதுதான் கடினம். பிஸ்டன் கீழே இறங்கும்போது சிலிண்டரில் வெற்றிடம் உண்டாகிறது. வெளியே உள்ள வளிமண்டல அழுத்தம் காற்றை உள்ளே தள்ளுகிறது. அந்த அழுத்தம் சதுர அங்குலத்திற்கு 14.7 பவுண்டு. இயற்கை தள்ளும் தள்ளு அவ்வளவே. (மேலே சொன்ன 14.7-உம் இதுவும் ஒன்றாக அமைந்தது தற்செயல், குழப்பிக்கொள்ள வேண்டாம்.)

இயற்கை தள்ளுவது போதாது என்றால் நாமும் சேர்ந்து தள்ளலாம் அல்லவா? அதற்கான கருவி எஞ்சினுக்கு முன்பே பிறந்துவிட்டது. அமெரிக்காவின் இண்டியானா மாநிலத்தில் கானர்ஸ்வில் என்னும் ஊரில் ரூட்ஸ் என்ற சகோதரர்கள் இருவர் கம்பளி ஆலை நடத்தினர். 1860-இல் அவர்கள் ஒரு காற்றூதிக்குக் காப்புரிமை பெற்றனர். ஒரு கூட்டுக்குள் இரண்டு சுழலிகள் பல்சக்கரங்களைப் போல ஒன்றோடொன்று கோத்துக்கொண்டு, ஆனால் உரசாமல், எதிரெதிராகச் சுழலும். ஒருபுறம் காற்றை வாரி எடுத்து மறுபுறம் தள்ளும். இரும்பு உருக்கும் உலைகளுக்குக் காற்று ஊதவும், சுரங்கங்களுக்குக் காற்றோட்டம் தரவும் அது பயன்பட்டது.

லாரிக்கும் இக்கருவிக்கும் உள்ள உறவு பழையது. ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1938-இல் '71' என்ற வரிசை டீசல் எஞ்சின்களை வெளியிட்டது. ஒவ்வொரு சிலிண்டரின் கொள்ளளவும் 71 கன அங்குலம் என்பதால் அந்தப் பெயர். இவை இரு வீச்சு எஞ்சின்கள். இவற்றில் காற்றை உறிஞ்சுவதற்கென்று தனி வீச்சு இல்லை. ஆகவே புகையை வெளியே தள்ளி, புதுக் காற்றை நிரப்ப ரூட்ஸ் வகைக் காற்றூதி கட்டாயம் தேவைப்பட்டது. இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு, வேகப் பந்தய ஆர்வலர்கள் இந்த லாரி எஞ்சின்களிலிருந்து காற்றூதியைக் கழற்றிப் பெட்ரோல் எஞ்சின்களின் தலையில் பூட்டினார்கள். லாரிக்குச் சுவாசம் தந்த கருவி பந்தயக் காருக்கு வேகம் தந்தது.

லைட்னிங் வண்டியில் இருந்தது ஈட்டன் நிறுவனத்தின் எம்-112 என்னும் சூப்பர்சார்ஜர். ஒரு சுற்றுக்கு 112 கன அங்குலம், அதாவது ஏறக்குறைய 1.84 லிட்டர் காற்றை அது தள்ளும். எஞ்சினின் கிராங்க் தண்டிலிருந்து ஒரு பெல்ட் அதைச் சுழற்றுகிறது. விளைவாக, வளிமண்டல அழுத்தத்திற்கு மேல் சதுர அங்குலத்திற்கு இன்னும் 8 பவுண்டு அழுத்தத்தில் காற்று உள்ளே போகிறது.

ஒரு சிறு கணக்கு

பள்ளியில் நீங்கள் படித்த வாயு விதிகளை இங்கே பயன்படுத்திப் பார்ப்போம்.

14.7-உடன் 8-ஐக் கூட்டினால் 22.7. இதை 14.7-ஆல் வகுத்தால் 1.54. அழுத்தம் 1.54 மடங்கு ஆகிவிட்டது. அப்படியானால் காற்றும் 54 சதவீதம் கூடுதலாக நுழையும் என்று சொல்லத் தோன்றும். அவசரப்பட வேண்டாம்! சைக்கிள் பம்பு சுட்டதை மறந்துவிட்டீர்களா?

வெளிக்காற்று 30 டிகிரி செல்சியஸ் என்று வைத்துக்கொள்வோம். கெல்வின் அளவில் 303. இந்த அளவுக்கு அழுத்தும்போது இழப்பே இல்லாத கருவியாக இருந்தாலும் காற்று 70 டிகிரிக்குச் சூடாகும். ரூட்ஸ் வகைக் கருவியில் இழப்பு உண்டு. ஆகவே 100 டிகிரி, அதாவது 373 கெல்வின் என்று கொள்வோம். சூடான காற்று விரிந்து அடர்த்தி குறையும். 1.54-ஐ 303-ஆல் பெருக்கி 373-ஆல் வகுத்தால் கிடைப்பது 1.25. நாம் எதிர்பார்த்த 54 சதவீதத்தில் பாதிக்கு மேல் வெப்பம் தின்றுவிட்டது. கையில் நின்றது 25 சதவீதம்தான்.

இதற்காகவே சூப்பர்சார்ஜருக்கும் சிலிண்டருக்கும் இடையே ஒரு குளிர்விப்பான் வைக்கிறார்கள். லைட்னிங்கில் இருந்ததும் நீரால் குளிர்விக்கும் அத்தகைய அமைப்பே. காற்றை அது 55 டிகிரிக்கு, அதாவது 328 கெல்வினுக்குக் கொண்டுவருகிறது என்று கொண்டால், 1.54 பெருக்கல் 303 வகுத்தல் 328, விடை 1.42. இப்போது 42 சதவீதம் கூடுதல் காற்று. 260 குதிரைத்திறனை 1.42-ஆல் பெருக்கிப் பாருங்கள், 369 வருகிறது. உண்மையான எஞ்சின் தந்தது 360-உம் 380-உம். நம் எளிய கணக்கு எவ்வளவு அருகில் வந்துவிட்டது!

இதில் ஒரு செய்தியையும் கவனியுங்கள். சூப்பர்சார்ஜர் இலவசமாகச் சுழல்வதில்லை. எஞ்சின் முழு வேகத்தில் ஓடும்போது அதைச் சுழற்றுவதற்கே ஏறக்குறைய 30 குதிரைத்திறன் செலவாகும். நூறு ரூபாய் சம்பாதிக்க இருபது ரூபாய் முதல் போடுவது போன்றது இது.

ஆசை எங்கே ஆபத்தாகிறது?

இதுவரை எல்லாம் இன்பமான கணக்கு. இனி, சிலிண்டருக்குள் இறங்கிப் பார்ப்போம்.

90.2 மில்லிமீட்டர் விட்டமுள்ள பிஸ்டனின் தலைப் பரப்பு ஏறக்குறைய 64 சதுர சென்டிமீட்டர். எரிபொருள் எரியும் கணத்தில் சதுர சென்டிமீட்டருக்கு 70 கிலோகிராம் அழுத்தம் உண்டாவதாகக் கொண்டால், பிஸ்டனின் தலைமேல் விழும் சுமை 4,480 கிலோ. நான்கரை டன்! வளர்ந்த யானை ஒன்று தலையில் ஏறி நின்றாற்போல. எஞ்சின் நிமிடத்திற்கு 5,000 சுற்று சுற்றும்போது, ஒவ்வொரு சிலிண்டரிலும் நொடிக்கு 41 முறைக்கு மேல் இந்த அடி விழுகிறது. இந்த அடியைத் தாங்கிக் கிராங்க் தண்டுக்குக் கடத்துவது மெல்லிய இடையுடைய ஒரு கனெக்டிங் ராடு. கிராங்க் தண்டைத் தாங்குவதோ தாளைப் போன்ற ஓர் எண்ணெய்ப் படலம்.

காற்றைக் கூட்டினால் இந்த அடியும் கூடும். அதோடு நின்றால் பரவாயில்லை. சூடான, நெருக்கமான கலவையில், தீப்பொறியிலிருந்து பரவும் தழல் வந்து சேருமுன்பே ஒரு மூலையில் இருக்கும் கலவை தானாகவே ஒரே கணத்தில் எரிந்துவிடும். அப்போது எழும் அழுத்த அலை சம்மட்டியைப் போலப் பிஸ்டனைத் தாக்கும். 'டொக் டொக்' என்ற ஓசை கேட்கும். நாக்கிங் என்று சொல்வது இதைத்தான். சில நொடிகள் நீடித்தால்கூட பிஸ்டனில் வளையம் அமரும் விளிம்பு உடையும். தலையில் ஓட்டை விழவும் கூடும். இதைத் தவிர்க்கவே லைட்னிங்கில் அழுத்த விகிதத்தைக் குறைத்திருந்தார்கள். சாதாரண எஞ்சினில் 9-க்கு 1, இதில் 8.4-க்கு 1. வெளியே அழுத்தியதற்கு ஈடாக உள்ளே அழுத்துவதைக் குறைத்துக்கொண்டார்கள்.

இப்போது ஆசை வருகிறது. பெல்ட் ஓடும் கப்பிகளில் ஒன்றை மாற்றினால் போதும். சூப்பர்சார்ஜர் இன்னும் வேகமாகச் சுழலும். உதாரணமாக, கிராங்கில் 20 சென்டிமீட்டர் கப்பியும், சூப்பர்சார்ஜரில் 10 சென்டிமீட்டர் கப்பியும் இருந்தால் வேகம் இரு மடங்கு. சிறிய கப்பியை 8 சென்டிமீட்டர் ஆக்கினால் இரண்டரை மடங்கு. ஒரு பிற்பகலில் முடிந்துவிடும் வேலை. லைட்னிங் வண்டி வைத்திருந்த ஆர்வலர்கள் பலர் இதைச் செய்தார்கள். நிதானமாகச் செய்தவர்கள் மகிழ்ந்தார்கள். ஓடித் தேய்ந்த எஞ்சினில் அளவின்றிச் செய்தவர்களில் சிலருக்குக் கனெக்டிங் ராடு முறிந்து பிளாக்கின் பக்கச் சுவரைத் துளைத்துக்கொண்டு வெளியே வந்தது. டியூபின் நைந்த இடத்தைக் காற்று கண்டுபிடித்த கதைதான்.

சுவர் இருந்தால்தான் சித்திரம் எழுதலாம். எஞ்சின் விஷயத்தில் அந்தச் சுவரை எழுப்பும் வேலைக்குத்தான் புதுப்பித்தல் என்று பெயர்.

புதுப்பித்தல் என்றால் பாகம் மாற்றுவது அல்ல

எஞ்சினைப் பிரித்து, பழைய பாகங்களை எறிந்து, புதியவற்றைப் பூட்டுவதே புதுப்பித்தல் என்று பலர் நினைக்கிறார்கள். அது பாதி உண்மைகூட அல்ல. நல்ல பட்டறையில் பாதி நேரம் அளப்பதிலேயே போகும். எப்படி என்று வரிசையாகக் காண்போம்.

முதலில், பிரிக்கும்போதே ஒவ்வொரு பாகத்திற்கும் எண்ணிட வேண்டும். பேரிங் மூடிகளைப் பிளாக்கோடு சேர்த்து வைத்தே துளையிட்டிருப்பார்கள். ஓரிடத்து மூடி மற்றோரிடத்துக்குப் பொருந்தாது.

அடுத்து விரிசல் தேடுதல். கழுவிய கிராங்க் தண்டைக் காந்தமாக்கி, அதன்மேல் நுண்ணிய இரும்புத் தூளைத் தூவுவார்கள். கண்ணுக்குத் தெரியாத விரிசல் இருந்தாலும் அந்த இடத்தில் காந்தப் புலம் கசியும். தூள் அங்கே கோடாகச் சேர்ந்து நிற்கும். சட்டக் காந்தமும் இரும்புத் தூளும் கொண்டு வகுப்பில் நீங்கள் செய்த சோதனைதான்! இந்த எஞ்சினின் பிளாக் வார்ப்பிரும்பு. அதற்கும் இச்சோதனை செல்லும். மேலே அமரும் ஹெட் அலுமினியம். அதைக் காந்தமாக்க முடியாது. ஆகவே அதற்கு விரிசலில் ஊறி நிற்கும் சாயத்தைத் தடவிப் பார்க்க வேண்டும்.

மூன்றாவதாகச் சிலிண்டரை அளத்தல். மேல், நடு, கீழ் என மூன்று உயரங்களில், ஒவ்வொன்றிலும் இரு திசைகளில் விட்டத்தை அளக்க வேண்டும். ஓடிய சிலிண்டர் உருண்டையாக இருப்பதில்லை. கனெக்டிங் ராடு சாய்ந்து தள்ளுவதால் பிஸ்டன் ஒரு பக்கச் சுவரை அதிகம் தேய்க்கிறது. சிலிண்டர் சற்றே முட்டை வடிவாகிறது. மேற்பகுதியில் வெப்பமும் அழுத்தமும் அதிகம், எண்ணெய் குறைவு. ஆகவே அங்கே தேய்மானமும் கூடுதல். தேய்ந்த சிலிண்டரை அரை மில்லிமீட்டர் அகலமாக ரீபோர் செய்து, அதற்கேற்ற பிஸ்டனைப் போடுவார்கள். அப்போதும் ஒரு நுட்பம் உண்டு. ஹெட்டை முறுக்கிப் பூட்டும்போது போல்ட்டுகளின் இழுவையால் சிலிண்டர் மிகச் சிறிய அளவில் கோணும். எனவே ஹெட்டுக்குப் பதில் ஒரு தடித்த இரும்புத் தட்டைப் பூட்டி, அந்தக் கோணல் இருக்கும்போதே இழைத்து உருண்டையாக்குவார்கள். ஹெட்டைப் பூட்டிய பின் சரியாக இருக்க வேண்டும் என்பதற்காக இப்போதே அதற்கு இடம் கொடுப்பது! எத்தகைய முன்யோசனை பாருங்கள்.

நான்காவதாகப் பிஸ்டன் வளையம். வளையத்தின் இரு முனைகளுக்கும் இடையே ஒரு சிறு இடைவெளி இருக்கும். சாதாரண எஞ்சினில் ஏறக்குறைய 0.36 மில்லிமீட்டர் போதும். சூப்பர்சார்ஜர் பூட்டும் எஞ்சினில் இதை 0.54 மில்லிமீட்டர் அளவுக்குக் கூட்டுவார்கள். ஏன்? வளையத்தின் சுற்றளவு 283 மில்லிமீட்டர். வளையம் வழக்கத்தைவிட 50 டிகிரி கூடுதலாகச் சூடானால், இரும்பு அவ்வளவு நீளத்தில் 0.15 மில்லிமீட்டருக்கு மேல் நீளும். இடம் விடாவிட்டால் முனைகள் முட்டிக்கொள்ளும். வளையம் சிலிண்டரில் இறுகும். பிஸ்டனின் விளிம்பு உடையும். தண்டவாளத்தில் இடைவெளி விடுவதற்குச் சொன்ன அதே காரணம். ஒரு மில்லிமீட்டரில் ஐந்தில் ஒரு பங்கு கவனக்குறைவு, ஒரு முழு எஞ்சினின் விலை.

ஐந்தாவதாக எடை. பிஸ்டன்களை ஒவ்வொன்றாகத் தராசில் வைத்துக் கிராம் கணக்கில் சமன் செய்வார்கள். 5 கிராம் வேறுபாட்டில் என்ன வந்துவிடும் என்று கேட்கிறீர்களா? 5,000 சுற்று வேகத்தில், வீச்சின் உச்சியில் அந்த 5 கிராம் 7 கிலோவுக்கு மேற்பட்ட விசையாக இழுக்கும். ஒவ்வொரு சுற்றிலும் இழுக்கும்.

பிறகு கிராங்க் தண்டை மைக்ரோமீட்டரால் அளந்து, பேரிங்கில் எண்ணெய் நிற்க ஏறக்குறைய 0.05 மில்லிமீட்டர் இடம் இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். உங்கள் தலைமுடியின் பருமனையொத்த இடம். அதிகமானால் எண்ணெய் அழுத்தம் விழும்; குறைந்தால் உலோகம் உலோகத்தோடு உரசும். கூடுதல் அழுத்தம் தாங்க வேண்டிய கனெக்டிங் ராடுகளையும் பிஸ்டன்களையும் அடித்து உருவாக்கிய வலுவான வகையாகத் தேர்ந்தெடுக்க வேண்டும். ஹெட் போல்ட்டுகளை நடுவிலிருந்து வெளிப்புறமாக, சிறிது சிறிதாக, அளவு காட்டும் ஸ்பானரால் முறுக்க வேண்டும். முதன்முறை ஓட்டுமுன் எண்ணெய் எல்லா இடத்துக்கும் ஏறிவிட்டதா என்று பார்க்க வேண்டும்.

இத்தனைக்கும் பிறகே சூப்பர்சார்ஜர். அதைப் பூட்டிய பின்னும் அளவு நிற்பதில்லை. புகையில் எஞ்சியுள்ள ஆக்சிஜனை அளந்து, பெட்ரோல் போதுமான அளவு செல்கிறதா என்று சரிபார்க்க வேண்டும். தீப்பொறி விழும் நேரத்தைச் சற்றுப் பின்தள்ள வேண்டும். கப்பியை மாற்றுவது ஒரு பிற்பகல். அதற்குத் தகுதியுள்ள எஞ்சினைச் செய்வது பல வாரம்.

மறுப்புகளும் என் விடையும்

"எஞ்சின் செய்பவர்கள் எப்போதும் தேவைக்கு மேல் வலிமை வைத்துத்தானே செய்வார்கள்? அதைப் பயன்படுத்திக்கொண்டால் என்ன?" என்று சிலர் கேட்பார்கள். உண்மைதான், கையிருப்பு வலிமை உண்டு. ஆனால் அது மேட்டில் சுமை ஏற்றிச் செல்லும்போதும், கோடையிலும், மட்டமான பெட்ரோல் கிடைக்கும் நாளிலும், தேய்மானம் கூடிய பிறகும் எஞ்சினைக் காப்பாற்றுவதற்காக வைத்த சேமிப்பு. எவ்வளவு சேமிப்பு மீதி என்று பாராமலே அதிலிருந்து செலவு செய்வது புத்திசாலித்தனமா?

"எரிபொருளுக்குத் தட்டுப்பாடுள்ள உலகில் இத்தனை குதிரைத்திறன் எதற்கு?" என்று வேறு சிலர் கேட்பார்கள். இந்தக் கேள்வி எனக்குப் பிடிக்கிறது. 42 சதவீதம் கூடுதல் காற்று என்றால் அதற்கேற்ற கூடுதல் பெட்ரோலும் புகையும்தான். பொதுச் சாலையில் இதற்கு நியாயம் சொல்வது கடினம். எஞ்சினை வலுவாக்கியவர் பிரேக்கை வலுவாக்காவிட்டால், அவருடைய தவறுக்கு விலை கொடுப்பவர் சாலையைக் கடக்கும் யாரோ ஒருவர். பந்தயத் திடலில் மட்டுமே இந்த ஆற்றலுக்கு இடம் உண்டு என்று உறுதியாகச் சொல்வேன். ஆனால் புதுப்பித்தலை இதோடு சேர்த்துத் தள்ளிவிடாதீர்கள். தேய்ந்த இரும்புப் பிளாக்கை உருக்கிப் புதிதாக வார்க்காமல், அரை மில்லிமீட்டர் இழைத்து இன்னொரு வாழ்வு கொடுப்பது சிக்கனத்திலும் சிக்கனம்.

"மின்சார வண்டிகள் வந்துவிட்டனவே, இதைக் கற்று என்ன பயன்?" என்பது மூன்றாவது கேள்வி. ஆம், 2022-இல் அதே லைட்னிங் என்ற பெயரில் ஒரு வண்டி வந்தது. அதில் பிஸ்டனும் இல்லை, சிலிண்டரும் இல்லை; மின்கலமும் மோட்டாரும்தான். ஆனால் மோட்டாருக்கும் பேரிங் உண்டு, இடைவெளி உண்டு, வெப்பம் உண்டு, தாங்கும் எல்லை உண்டு. அளக்கும் பழக்கம் அங்கும் பழசாகிவிடாது.

உங்கள் ஊரிலேயே ஓர் ஆய்வுக்கூடம்

இந்த அறிவியலைக் காண நீங்கள் அமெரிக்கா போக வேண்டியதில்லை. நம் நாட்டுச் சாலைகளில் ஓடும் இன்றைய டீசல் லாரிகளில் பெரும்பாலானவற்றில் டர்போசார்ஜர் உண்டு. காற்றைத் திணிக்கும் வேலைதான் அதுவும். பெல்ட்டுக்குப் பதில் வெளியேறும் புகையின் வேகத்தால் சுழல்கிறது. ஸ்விட்சர்லாந்துப் பொறியாளர் ஆல்ஃபிரட் பூக்கி 1905-இல் காப்புரிமை பெற்ற கருத்து. அந்த லாரிகளின் எஞ்சின்களை இறக்கிப் புதுப்பிக்கும் லேத் பட்டறைகள் நம் ஊர்களிலும் இருக்கின்றன. அங்கே எண்ணெய்க் கறை படிந்த கையில் மைக்ரோமீட்டரைப் பிடித்து, நூறில் ஒரு மில்லிமீட்டரைப் படிப்பவரைப் பாருங்கள். படிப்பு வராதவர்கள் போகும் இடம் என்று அந்தப் பட்டறையைச் சிலர் சொல்லக் கேட்டிருப்பீர்கள். அது எவ்வளவு தவறான பேச்சு! வெப்பத்தால் விரிதல், வாயு விதிகள், காந்தப் புலம், மையநோக்கு விசை ஆகிய எல்லாம் அங்கே தேர்வுக்காக அல்ல, வயிற்றுப்பாட்டுக்காகவே நாள்தோறும் சரியாகச் செய்யப்படுகின்றன. நம் பள்ளிகள் மாணவர்களை ஆண்டுக்கு ஒரு நாளாவது அத்தகைய பட்டறைக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்பது என் விருப்பம்.

அதுவரை நீங்களே ஒன்று செய்யலாம். பள்ளி ஆய்வுக்கூடத்தில் வெர்னியர் அளவி இருக்கும். ஆசிரியரின் அனுமதியோடு, ஏதேனும் ஓர் உருளையான பொருளின் விட்டத்தை மேலும் நடுவும் கீழுமாக, இரு திசைகளில் அளந்து ஆறு அளவுகளை எழுதுங்கள். ஆறும் ஒன்றாக இருக்கின்றனவா? வேறுபட்டால், வேறுபாடு பொருளில் இருக்கிறதா, அளந்த உங்கள் கையில் இருக்கிறதா? இந்த ஐயத்தை உங்கள் மனத்தில் எழுப்பிக்கொண்டாலே நீங்கள் பாதிப் பொறியாளர் ஆகிவிட்டீர்கள்.

அடுத்த முறை யாராவது ஒரு வண்டியைக் காட்டி, "இதற்கு எத்தனை குதிரைத்திறன் தெரியுமா?" என்று பெருமையாகக் கேட்டால், வியந்து பாருங்கள், வியப்பதில் தவறில்லை. பிறகு பணிவாக ஒரு கேள்வி கேளுங்கள்: "வளையத்தின் இடைவெளி எவ்வளவு வைத்தீர்கள்?" விடை தெரிந்தவராக இருந்தால் அவரிடம் நின்று கற்றுக்கொள்ளுங்கள். தெரியாதவராக இருந்தால், அந்த வண்டியில் ஏறாமல் நடந்தே வீட்டுக்குப் போங்கள்!